பேரம் பேசாத மூன்று பேர்

பழைய சாமான் வாங்க வருகிறவன் பேரம் பேசாமல் போனால் அவனை நம்பக்கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் இருபத்தெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடி விற்கிறவர். இந்த விஷயத்தில் அவருக்குப் பாடம் எடுக்க இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் ஃபிரேம் வாங்கிப் போகிறவன்தான், மூன்றாம் நாள் அதை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து, 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு' என்று சத்தியம் செய்வான்.

அதனால்தான், தன்னுடைய பழைய மைக்கை வாங்க வந்த ஹெல்மெட் ஆசாமி, அவர் சொன்ன தொகையை அப்படியே எடுத்து நீட்டியபோது அவருக்குப் பொறி தட்டியது. ஆள் மைக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பாடிப் பார்க்கவில்லை, ஒரு 'ஹலோ ஹலோ' கூடச் சொல்லவில்லை. வாழைக்காயைப் போடுவது போலத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் ஒன்று கேட்டான்.

"சார், இதை விட்டா வீட்ல வேற மைக் இல்லையே?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்டேன் என்கிறவன் எவனும் சும்மா கேட்பதில்லை. மறுநாள் நோட்டுகளைக் கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் சோதிக்கும் விளக்கடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அத்தனையும் நல்ல நோட்டு. கள்ள நோட்டாக இருந்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும், மனசும் அடங்கியிருக்கும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு இந்த மைக் வியாபாரம் எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் ஒரு தாலாட்டினால் வந்த வினை. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஆறு மாத கர்ப்பமாக இருந்தபோது, "குழந்தைக்கு நானே ஒரு தாலாட்டு எழுதி, பாடி, ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேம்மா" என்று ஃபோனில் வாக்குக் கொடுத்துவிட்டார். பதினாறு வரி. மெட்டும் அவருடையதே. குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. இப்போது பேத்திக்கு இரண்டரை வயது. விளையாட்டுப் பள்ளிக்குப் போய்வந்து தாத்தாவுக்கு அவளே ஃபோனில் பாடிக் காட்டுகிறாள். தாலாட்டு மட்டும் இன்னும் தயாராகவில்லை. முன்பெல்லாம் வாரா வாரம், "பாட்டு என்னாச்சுப்பா?" என்று கேட்ட மகள் இரண்டு மாதமாகக் கேட்பதே இல்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவரை அரித்தது.

சோம்பேறித்தனம் என்று யாரும் அவரைச் சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்ப்பார். பீரோவின் மேல் கம்பளி. ஃபேன் நிற்கும். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். இரண்டு தடவை பால் திரிந்து வீட்டில் ரகளையாகியிருக்கிறது. பிறகு படியிறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "அஞ்சே நிமிஷம், ஒரு சின்ன ரெக்கார்டிங்" என்று கும்பிடுவார். எதிர்வீட்டில் மிக்ஸி நிற்கும், கீழ்வீட்டில் தையல் மெஷின் நிற்கும். கட்டடமே மூச்சடக்கிக்கொள்ள, இவர் வேர்த்து ஒழுகப் பாடுவார். பதினான்காவது வரியில் தெருமுனையில் ஒருவன் ஹாரன் அடிப்பான். மறுபடி முதலிலிருந்து.

தப்பு மைக்கில் என்று முடிவு செய்துதான் அதை விற்றார். வந்த பணத்தோடு கையிலிருந்ததையும் போட்டு இன்னும் உசத்தியாக ஒன்று வாங்கினார். விலை ஏறினால் மைக்கின் காதும் கூர்மையாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய மைக்குக்கு ஹாரன் கேட்டது என்றால், புதிய மைக்குக்கு மூன்றாவது வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றார் மனைவி. "மைக்கை மாத்தறதை விட்டுட்டு பாட்டைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் பாட்டைப் பார்க்கவில்லை. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டியைச் சந்தேகப்பட்டு, அதையும் ஃபோன் ஆப்பில் விற்பனைக்குப் போட்டார். ஒரே நாளில் ஒரு பெண் வந்தாள். பெட்டியை ஆட்டிப் பார்த்து, "இதுக்கு பேட்டரி உண்டா?" என்று கேட்டாள். சொன்ன விலையைக் கொடுத்தாள். கிளம்பும்போது, "இது இல்லாம இனிமே ரெக்கார்டிங் பண்ண முடியாதுல்ல?" என்று ஆசையாகக் கேட்டாள்.

சந்தேகமே இல்லை, வேவு பார்க்கிறார்கள். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஆழம் பார்த்துவிட்டு ஒருநாள் மொத்தமாக அள்ளப் போகிறார்கள். அன்றே கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். காய்கறி வண்டிக்காரர் "அடுத்த வாரம் ஊர்ல இருப்பீங்களா சார்?" என்று கேட்டதற்குக்கூட, "எப்பவும் இருப்பேன்" என்று முறைத்தார். மச்சான் மேல்கூட ஒரு நாள் சந்தேகம் போனது. "என் தம்பியா? அவன் கடனுக்குக்கூட மைக் வாங்க மாட்டான்," என்று மனைவி தீர்த்துவிட்டார்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? கண்ணாடிக்கடைக்காரர் தூண்டில் போட்டார். அவரிடம் ஒரு ஹெட்ஃபோன் இருந்தது. இடது பக்கம் செத்துப்போய் ஒரு வருஷம். 'ஒரு காது கேட்காது' என்று உள்ளது உள்ளபடி எழுதி, புதுசின் விலையைப் போட்டார். இதையும் ஒருவன் வாங்க வந்தால் அவன் திருடனேதான்.

அரை மணி நேரத்தில் ஒருவன் வந்தான். பேரமில்லை. அவன் படியிறங்கியதும் இவர் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனார். ஆள் கேட்டைத் தாண்டினான், மருந்துக்கடை வரை நடந்தான், திரும்பிப் பார்த்தான். இவர் தெருவோரம் நின்ற ஒரு வேன் பின்னால் ஒளிந்தார். ஆள் இடதுபக்கச் சந்தில் நுழைந்து, குப்பைத்தொட்டியைத் தாண்டி, ஒரு பின்வாசல் வழியாக ஒரு கட்டடத்துக்குள் போனான். இவரும் நுழைந்து பாதிப் படி ஏறிய பிறகுதான், அது தன் கட்டடத்தின் பின்படிக்கட்டு என்பதே அவருக்கு உறைத்தது.

கீழ்வீட்டு தையல்காரம்மாவின் கதவு திறந்திருந்தது. தைத்து அடுக்கிய பள்ளி யூனிஃபார்ம்களுக்குப் பக்கத்தில், மேஜைமேல் அவருடைய மைக். அதை ஒட்டி அவருடைய பெட்டி. ஹெட்ஃபோனை இப்போதுதான் வைத்திருந்தார்கள். கொண்டுவந்தவன் இவரைப் பார்த்ததும் பேயைக் கண்டவன் போல நழுவினான். தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா இது?" குரல் அவருக்கே கீச்சென்று கேட்டது.

"மறைச்சு என்ன பண்ணப்போறேன் சார். நாலு வீடும் சேந்து, உங்களுக்குத் தெரியாத ஆளா அனுப்பித்தான் வாங்கினோம். சாமானை எல்லாம் வித்துட்டா நிறுத்திடுவீங்கன்னு பாத்தோம். நீங்க என்னடான்னா எங்க காசுல அதைவிடப் பெருசா வாங்கிட்டு வர்றீங்க."

"என் வீட்ல அவளும் இதுல கூட்டா?"

"அவங்ககிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா அவங்களும் பங்கு போட்டிருப்பாங்க. இதையெல்லாம் திருப்பி விக்கலாம்னு பாத்தா, வர்றவன் எல்லாம் பாதி விலைக்குக் கேக்கறான்."

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. திருடர்களாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். திருடன் பொருளுக்காவது மரியாதை கொடுப்பான்.

"என் பாட்டு அவ்வளவு கேவலமா?"

"பாட்டை யாரு குறை சொன்னா? உங்க அஞ்சு நிமிஷம்தான் தாங்கலை. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு அதிகமா தைக்க முடியும். மெஷினை நிறுத்திட்டுக் கையைக் கட்டி உக்காந்திருக்கணும். சத்தமே போடாம உக்காந்தா வேற என்ன பண்றது? கேக்கத்தான் செய்யணும். பதினாறு வரியும் எங்களுக்கு மனப்பாடம்."

அவர் திரும்பிப் போயிருப்பார். ஆனால் தையல்காரம்மா தரையில் தவழ்ந்துகொண்டிருந்த தன் பேரனைக் காலால் மேஜைப் பக்கம் போகாமல் தடுத்தபடியே, சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார்.

"அதான் நல்லா அமைஞ்சுடுச்சே சார், அப்பறமும் ஏன் விடாம பாடறீங்க?"

"எது அமைஞ்சுது?"

"கரண்ட் போயிட்டு வந்துச்சே, அந்த ஞாயித்துக்கிழமை. மூணாவது தடவை பாடினீங்க பாருங்க. இவன் அப்ப கைக்குழந்தை, காலையிலேருந்து ஒரே கத்தல். எதுக்கும் அடங்கலை. நீங்க ஆரம்பிச்சதும் வாயை மூடிட்டான், பாடப்பாட கண்ணு சொக்குது. கடைசி வரி வர்றதுக்குள்ள தூங்கியே போயிட்டான். அதை அனுப்பலையா இன்னும்?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாவது தடவையும் ஞாபகம் இருந்தது. துணி குவிந்திருந்த நாற்காலியில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அழிச்சிட்டேம்மா."

"ஐயையோ, ஏன்?"

"கடைசி வரியில சத்தம் விழுந்துடுச்சு. கீழேருந்து, ணங்குன்னு. புது மைக்ல அப்படியே ஏறிடுச்சு."

தையல்காரம்மா கையிலிருந்த துணியை மெல்ல மெஷின்மேல் வைத்தார்.

"அது என் கத்தரிக்கோல் சார். இவன் தூங்கிட்டானேன்னு தொட்டில்ல போட எழுந்தேன். மடியில அது இருந்ததே மறந்துபோச்சு. விழுந்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு, இவன் முழிச்சிடுவானேன்னு."

"முழிச்சானா?"

"இல்ல சார்," என்றார் தையல்காரம்மா. "அசையக்கூட இல்ல."