பென்சில் கேள்விக்குறி

“உள்ளே வாம்மா. உனக்கு நல்ல சேதி ஒண்ணு இருக்கு” என்றாள் ஊசியக்கா.

“இந்த வார்டுக்கா? நல்ல சேதிக்கு வழி யார் சொன்னது?” என்றாள் தையல்காரி.

ஊசியக்கா அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ‘ஊசியக்கா’ குழந்தைகள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும். தையல்காரி அவளோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு ஊசி போடுகிற கை என்பதால் ‘அக்கா’வை மட்டும் விடவில்லை.

மகளுக்கு ஆறு வயது. ‘வாலு’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பிறவியிலேயே அவளுடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒழுங்காக உருவாவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உதடு வெளுத்து, மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அப்போது இங்கே கூட்டிவந்து ரத்தம் ஏற்ற வேண்டும்.

“அக்கா, இன்னைக்கு யாரு ரத்தம்?” கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு வாலு கேட்டாள்.

“யாரோடதா இருந்தா என்னடி? சிவப்பா இருக்குல்ல?”

“போன தடவை தூங்குமூஞ்சி ரத்தம். கிளாஸ்ல தூங்கிட்டேன். டீச்சர் திட்டினாங்க.”

“இது சுறுசுறுப்பு. கையை ஆட்டாதே.”

ஒரே குத்தில் ஊசி நரம்பில் இறங்கியது. அந்தக் கை ஊசியில் தவறியதே இல்லை.

“நர்ஸ் இவளைப் பாத்துப்பா. வா, டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க” என்று ஊசியக்கா முன்னால் நடந்தாள்.

ஆராய்ச்சிப் பிரிவு டாக்டரம்மாவின் முகத்தில் கல்யாணக் களை. மேஜைமேல் ஒரு பெரிய தாள் விரிந்து கிடந்தது.

“உக்காருங்கம்மா. மூணு வருஷமா தேடினது கிடைச்சிருச்சு!”

“நான் தொலைச்சதா, டாக்டரம்மா?”

அது டாக்டரம்மாவின் காதில் விழவில்லை. “இதுதான் உங்க குடும்பப் படம். வட்டம் பொம்பளை, சதுரம் ஆம்பளை. பாதிக் கறுப்புன்னா குறை உடம்புல இருக்கு, ஆனா நோய் இல்லை. முழுக் கறுப்புன்னா…”

“தெரியும். இந்தப் படத்தை நான் மறக்கல.”

மூன்று வருடத்துக்கு முன்னால் வரைந்த படத்தில் வாலு முழுக் கறுப்பு வட்டம், தையல்காரி பாதிக் கறுப்பு வட்டம். அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் குறை வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஆனால் அப்பாவின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. வெள்ளைச் சதுரம். கணக்கு உதைத்தது. சதுரத்திலிருந்து பிள்ளைக்கு இறங்குகிற கோட்டின்மேல் ஊசியக்கா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அன்றைக்கு ரத்தச் சீட்டு வாங்க, அந்தப் படம் இருந்த ஃபைலை எடுத்துப்போனது அந்த வெள்ளைச் சதுரமேதான். பஸ் டிப்போவில் மெக்கானிக். என்ஜின் படங்களைப் பார்த்தே பழகியவனுக்கு இந்தப் படம் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இந்தக் கேள்விக்குறி எதுக்கு?” என்று ஊசியக்காவிடம் கேட்டிருக்கிறான்.

“அப்பா வேற யாராவதா இருந்தா இப்படி வரும்” என்று ஊசியக்காவும், அடுத்த டியூபில் பெயர் ஒட்டிக்கொண்டே, சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தையல்காரியை வீட்டுக்குள் கால் வைக்கவிடாமல் மாமியார் வாசலில் நின்றாள்.

“ஏன்டி, என் மகன் வெள்ளையா நிக்கிறான். கறுப்பு எங்கேருந்து வந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“உனக்குத் தெரியாம ஊருக்கா தெரியும்?”

“ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நான் எங்க வேணா வரேன்” என்று தையல்காரி கணவனிடம் கெஞ்சினாள்.

“மெஷின் சொன்னதுக்கு மேல நான் எதுக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கணும்?” என்றான்.

ஏற்றுகிற ஒவ்வொரு பைக்கும் குடும்பத்தில் ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதுவரை அவன்தான் கொடுத்துவந்தான். அடுத்த முறை கேட்டபோது, “யார் பிள்ளைக்கோ நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?” என்றான். அதோடு துணிமணியை மூட்டை கட்டி, இரண்டு தெரு தள்ளி அம்மாவோடு போய் இருந்துகொண்டான். அதன் பிறகு, இவள் துணி வெட்டுகிற சீருடைப் பட்டறையின் பெண்கள்தான் முறைவைத்துக் கொடுத்தார்கள். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் வாலுவின் முகத்தில் ஜாடை தேடினார்கள்.

“கவனிங்கம்மா” என்றாள் டாக்டரம்மா. “உங்க வீட்டுக்காரருக்கும் குறை இருக்கு. ஆனா ஊமைக் குறை. மெஷின் அளக்கிற எதுலயும் தெரியாது. ஜீனை எழுத்தெழுத்தாப் படிச்சாத்தான் தெரியும். அவர் அன்னைக்கு ஆராய்ச்சிக்குன்னு குடுத்துட்டுப் போன ரத்தம் நம்ம குளிர்பெட்டியிலேயே இருந்துச்சு. இப்போ படிச்சோம். உலகத்துல இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணாத மாறுபாடு! குழந்தைகிட்டயும் அதே மாறுபாடு. அவரோட மகள்தான். சந்தேகமே இல்லை.”

“எனக்கு எப்பவுமே இருந்ததில்ல, டாக்டரம்மா.”

டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தாள். தையல்காரி தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இது புதிதாக வரைந்த படம். சதுரம் பாதிக் கறுப்பாகியிருந்தது. கேள்விக்குறி இல்லை.

“ஏன்க்கா, மொதல்ல அதை எதுக்குப் போட்டீங்க?”

ஊசியக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தா, மொதல்ல அதைத்தான் பாக்கணும்னு பழக்கம்மா. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“மெஷினை எப்போ பாப்பீங்க?”

“அது… கடைசியா.”

“என்னைச் சந்தேகப்பட மூணு நிமிஷம். மெஷினைச் சந்தேகப்பட மூணு வருஷம்.”

“தப்புதாம்மா. பென்சில்லதான் போட்டேன்…”

“துணியில சாக்பீஸ் கோடு தப்பாப் போயிட்டா தட்டிவிட்டுடலாம்க்கா. கத்தரி போட்டப்புறம் என்ன பண்றது?”

டாக்டரம்மா தொண்டையைச் செருமினாள். “இதைக் கட்டுரையா வெளியிடப் போறோம். பேர் எதுவும் வராது, இந்தப் படம் மட்டும் அச்சாகும். பெத்தவங்க ரெண்டு பேர் சம்மதமும் வேணும். அப்பா போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டார்.”

“போன வாரமேவா? அவருக்குத்தான் மொதல்ல சொன்னீங்களா?”

“குறை அவர்கிட்டதானே கண்டுபிடிச்சோம்…” என்று டாக்டரம்மா இழுத்தாள். “வெளியதான் நிக்கிறார். கூப்பிடட்டுமா?”

பதிலுக்குக் காத்திராமல் ஊசியக்கா கதவைத் திறந்தாள். மெக்கானிக் உள்ளே வந்தான். புதிதாகச் சவரம் செய்த முகம். நகக்கண்ணில் மட்டும் அதே பழைய கிரீஸ்.

“எப்படி இருக்கே?”

“பாதிக் கறுப்பாத்தான் இருக்கேன். நீங்களும் இப்போ அதுதானாமே?”

“கேலி பண்ணாதே. அம்மாகிட்ட காகிதத்தைக் காட்டினேன். அழுதுட்டாங்க.”

“எதுக்கு? என்னை நினைச்சா, மகன் வெள்ளையில்லைன்னா?”

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். “வீட்டுக்கு வா. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. சீல் வச்சுக் குடுத்திருக்காங்க.”

தையல்காரிக்கு மூன்று மாடிப் படிகள் ஞாபகம் வந்தன. வெளுத்துப்போன பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறும்போது, இந்தத் தோள் இருந்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்திருக்கிறாள். இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறாள். வார்த்தை வந்துவிட்டது, சீலோடு.

“இந்த மூணு வருஷத்துல ஒரு நாளாவது, காகிதம் இல்லாம வரணும்னு தோணுச்சா?”

“மெஷினே சொல்லும்போது நான் என்ன பண்ண முடியும்?”

“மெஷினுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன்.”

“அதான் இப்போ தெளிவாயிருச்சே!”

“காகிதம் சொல்லுச்சுன்னு போனீங்க. காகிதம் சொல்லுதுன்னு வரீங்க. நாளைக்கு இன்னொரு மெஷின் இன்னொரு காகிதத்தைத் துப்பினா, அப்போ எந்தப் பக்கம் போவீங்க?”

“கோவத்துல முடிவெடுக்காதீங்கம்மா” என்றாள் டாக்டரம்மா. “குழந்தைக்கு அப்பா வேணுமில்லையா?”

“வேணும்னு இருந்தப்பதான் போனார், டாக்டரம்மா.”

அவள் மறுபடியும் படத்தின்மேல் குனிந்தாள். வெட்டுமேஜையில் துணியைத் தடவுவது போல ஒரு விரல் தாளின்மேல் நகர்ந்து, சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே நின்றது.

“இந்தக் குறுக்குக் கோடு என்னக்கா?”

“புருஷன் பெண்டாட்டிங்கிறதுக்கு.”

“பிரிஞ்சவங்களுக்கு என்ன போடுவீங்க?”

ஊசியக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா மேஜையைப் பார்த்தாள்.

“அந்தக் கோட்டு மேல… சாய்வா ரெண்டு சின்னக் கோடு” என்றாள் ஊசியக்கா.

“அது ஏன் இதுல இல்ல?”

“நீங்க ரெண்டு பேரும் சேரப் போறதா இவர் சொன்னார், அதனால…” என்றாள் டாக்டரம்மா.

“ஓ. இதையும் என்னைக் கேக்காமலேயே போட்டுட்டீங்க.”

சம்மதத் தாளோடு வைத்திருந்த பேனாவை அவள் எடுத்தாள். ஊசியக்கா அவசரமாகத் தன் மேல்கோட்டுப் பையிலிருந்து பென்சிலை உருவி நீட்டினாள்.

“இதால போடும்மா. பின்னால மனசு மாறினா…”

“பென்சில்ல போட்டதெல்லாம் போதும்க்கா.”

ஸ்கேல் இல்லாமலே இரண்டு சாய்வுக் கோடுகள் இழைத்துவைத்தது போல விழுந்தன. பிறகு சம்மதத் தாளை இழுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“அச்சுல இப்படியே வரணும், டாக்டரம்மா. வந்ததும் எனக்கு ஒரு பிரதி குடுங்க. மாடிப்படியில ஒட்டி வைக்கணும்.”

அவள் வார்டுக்குத் திரும்பினாள். பை முக்கால்வாசி இறங்கியிருந்தது. வாலுவின் உதட்டில் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் பின்னாலேயே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

“யாரும்மா இது?”

“உங்க அப்பா” என்றாள் தையல்காரி. அந்த வார்த்தையை மட்டும் அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

வாலு அவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். “உங்க ரத்தம் சுறுசுறுப்பா, தூங்குமூஞ்சியா?”

அவன் கட்டிலுக்குக் கிட்டே வந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, பின்னால் வந்த ஊசியக்காவிடம் நீட்டினான். “இன்னைக்கு நான் குடுக்கறேன். என் பிள்ளைக்கு நான் குடுக்கறேன்.”

“இன்னைக்கு ஏத்துற பைக்கு, பட்டறையில பட்டன் தைக்கிற பொண்ணு போன வாரமே குடுத்துட்டா” என்றாள் ஊசியக்கா. “நீங்க குடுத்தா பொதுவுல சேரும்.”

“பொதுவுலன்னா… யாருக்குப் போகும்?”

தையல்காரி மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

“குடுங்க” என்றாள். “யார் பிள்ளைக்கோ போகும்.”