கடைசிக் கட்டத்தில் ரொட்டிக்காரர்

அக்காவின் கை நடுங்கிய நடுக்கத்தில் பதிவேடு, மேசை, தாலுகா ஆபீஸ் ஆவண அறையின் நாலு சுவர் எல்லாமே ஆடின. மேசைக்கு அடியில் தூங்கிய பூனை மட்டும் அசையவில்லை. அது அரசாங்கப் பூனை.

நாளைக் காலை அவளுடைய பேக்கரி திறப்பு. பலகையில் கொள்ளுத்தாத்தாவின் முகம், ஆள் ஊஞ்சலாடக்கூடிய மீசையோடு, ஏற்கெனவே ஏறிவிட்டது. ஊரின் ஒரே ரொட்டிக்காரர் அவர். முகத்துக்குக் கீழே எழுத அவர் இறந்த வருஷம் வேண்டும். அதற்காகத் தம்பியை இழுத்து வந்து, பழைய இறப்புப் பதிவேட்டை நடுவில் பிரித்தாள்.

ஒரே வாரம். பதினோரு சாவு. பெயர், வயது, 'மேற்படி', 'மேற்படி'. கடைசிக் கட்டத்தில் மட்டும் பதினோரு முறையும்: ரொட்டிக்காரர்.

"டேய், பதினோரு பேர்டா."

"நம்ம ஆளு மாவுல என்னத்தக் கலந்தாரோ?"

"வாய மூடு."

"நான் மூடுவேன். ஊரு மூடுமா? அந்த மீசையப் பாத்துட்டு எவன் பன்னு வாங்குவான்?"

  அவர் விட்டுப்போன அளவுகளில்தான் இன்றுவரை அக்கா மாவு பிசைகிறாள்.

பக்கத்தைப் புரட்டினாள். பன்னிரண்டாவது வரியில் கொள்ளுத்தாத்தாவே. வயது நாற்பத்தொன்று. கடைசிக் கட்டத்தில்: தெருவார் அனைவரும்.

"போச்சுக்கா. ஊரே சேந்து அடிச்சிருக்கு." தம்பியின் குரலில் கேலி செத்திருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த ஆவண அறைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "முதல் பக்கத்தப் பாத்தீங்களாம்மா? தலைப்பு அங்க மட்டும்தான் இருக்கும்."

பார்த்தாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: இறப்பைத் தெரிவித்தவர்.

ஆவண அறைக்காரரின் விரல் 'மேற்படி'களைப் பிடித்து நாலு பக்கம் பின்னால் ஏறி 'விஷக் காய்ச்சல்' என்ற சொல்லில் நின்றது. "பயத்துல யாரும் யார் வாசலையும் மிதிச்சிருக்க மாட்டாங்க. விடிஞ்சதும் ரொட்டியோட கதவத் தட்டுனது இவர்தான். திறக்கலன்னா உள்ள போய்ப் பாத்துட்டு, ஆபீசுல வந்து சொல்லியிருக்கார்."

"அப்ப பன்னெண்டாவது?"

"அன்னைக்கு ரொட்டி வரல. தெருவே பயத்த விட்டுட்டு அவரத் தேடிக் கிளம்பிடுச்சு, எல்லாருமா வந்து சொல்லியிருக்காங்க."

அக்காவின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"இன்னும் என்னக்கா பயம்?"

"பலகைய இனி இறக்க முடியாதுடா. அந்த மூஞ்சிக்குக் கீழ நின்னு நேத்து சுட்ட பழைய பன்ன எப்படி விக்கிறது?"