அத்தை என்று கூப்பிட்டவன்

அன்று காலை பதினோரு மணிக்குப் பட்டாளத்தார் தன் பெண்சாதியைக் குத்திக் கொன்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அடி ஸ்கேல். அந்த அம்மாள் தரையில் மல்லாந்து கிடந்தாள். துப்பாக்கி முனைக் கத்தி விலாவுக்குள் போனால் எலும்பில் சிக்கிக்கொள்ளும், மார்பில் காலை ஊன்றித்தான் பிடுங்க வேண்டும். எந்தக் காலை ஊன்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தில் பதினெட்டு வருஷம், எழுத்தில் முப்பத்தாறு வருஷம். அறுபத்து மூன்று புத்தகம். பாதி நடந்த சண்டை, சரித்திரம் என்று பெயர். பாதி நடக்காத சண்டை, நாவல் என்று பெயர். எதுவானாலும் முன்னறையில் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். நாற்காலி மேடு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து பதுங்குகுழி. சாகிறது எப்போதும் பெண்சாதிதான். கழுத்து அறுபட்டு, குண்டடி பட்டு, கண்ணிவெடியில் கால் போய், ஒரு தடவை டாங்கிக்கு அடியில்கூடச் செத்திருக்கிறாள்.

"சீக்கிரம் கொல்லுங்க. முட்டி விறைச்சுப் போச்சு," என்றாள்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். அவளே எழுந்து போய்த் திறந்தாள். ஐம்பத்தைந்து வயது ஆள், கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு, வெல்டராம். புடவையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, இப்போதுதான் செத்து எழுந்து வருகிறேன், உள்ளே வாருங்கள் என்று சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

உட்கார்ந்ததும் இரண்டு புத்தகத்தை எடுத்து வைத்தான். இரண்டும் பட்டாளத்தார் எழுதியவை. ஒன்று தடிச் சரித்திரம், ஒன்று நாவல். தான் சுருட்டையின் தம்பி என்றான். பட்டாளத்தார் ஸ்கேலைக் கீழே வைத்தார். சுருட்டை அவருடைய படைப்பிரிவில் வயர்லெஸ் தூக்கியவன். இருபது வயதில் சண்டையில் செத்தான். நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது.

குண்டுச் சிதறல் தலையில் பாய்ந்தது, சத்தமே இல்லாமல் அந்த நொடியே உயிர் பிரிந்தது என்று சரித்திரத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பித்தான் வீட்டில் இத்தனை வருஷம் ஓட்டினார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வளர்த்தது அத்தை. அவளுக்கு இப்போது பார்வை இல்லை. பட்டாளத்தாரின் நாவல் என்றால் உயிர், வெல்டர்தான் படித்துக் காட்டுவான். மூன்று நாளைக்கு முன்னால் இந்த நாவலில் பாதி தாண்டும்போது, நிறுத்து, அது என் பிள்ளை என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் சோற்றில் கை வைக்கவில்லை.

"உங்க புத்தகத்துல எத்தனையோ பேர் சாகறாங்க ஐயா. எல்லாரும் அம்மான்னுதான் கத்தறாங்க," என்றான் வெல்டர். "இந்த ஒருத்தன் மட்டும் அத்தைன்னு கத்தறான். ஏன்?"

நாவலில் அந்த வயர்லெஸ்காரன் வயிறு கிழிந்து வறண்ட வாய்க்காலில் கிடக்கிறான். கரைமேல் எதிரிகள் ஏழு பேர் போகிறார்கள். இவன் கத்தினால் வாய்க்காலில் இருக்கிற பத்துப் பேரும் காலி. சார்ஜென்ட் அவன் வாயைப் பொத்திக் கொன்றுவிடுகிறான்.

"அது கதைப்பா. கதையில யாரு யாரை வேணா கூப்பிடுவாங்க."

அச்சில் ஏற்றிவிட்டால் ஊர் நம்பும் என்று பழகிப்போன மனுஷன். இவன் நம்புகிற மாதிரி தெரியவில்லை. பெண்சாதியும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அந்த இடத்துக்கு நான்தான் படுத்தேன்," என்றாள் மெதுவாக. "கைய எடுக்கவே இல்ல நீங்க. ரெண்டு நாள் தாடை வலிச்சுது."

வெல்டர் எழுந்து போய், அந்த அம்மாள் கிடந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"காட்டுங்க," என்றான்.

எழுந்திரு என்று பட்டாளத்தார் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். அவன் அசையவில்லை. கடைசியில் அவர் மண்டி போட்டார். சும்மா பாவனைக்குத்தான் கையை வைத்தார். ஆனால் உடம்புக்குப் பாவனை தெரியாது. இடது முட்டி தானாக அவன் புஜத்தின்மேல் ஏறியது. வலது உள்ளங்கை வாயை அடைத்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்கைப் பிடித்தன. குடல் வெளியே கிடந்தது, அதில் மண் ஒட்டியிருந்தது, நான் ஒரு கையால் உள்ளே தள்ளினேன், வழுக்கி வழுக்கி வெளியே வந்தது என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லச் சொல்லக் கை இறுகியது. வெல்டரின் குதிகால் தரையில் டம்டம் என்று அடித்தது. கண் வெளியே தள்ளியது. முகம் கறுத்தது.

பெண்சாதி பின்னாலிருந்து மயிரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சின்ன முக்காலியைத் தூக்கி முதுகில் ஓங்கிப் போட்டாள். அப்போதும் வரவில்லை. இரண்டாவது போட்டது தோளில் விழுந்தது, கை விட்டது.

வெல்டர் புரண்டு படுத்து இருமினான். உதடு கிழிந்து ரத்தம். எழுந்ததும் பட்டாளத்தார் முகத்தில் ஒன்று விட்டான், மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்னொன்று விட்டான், ஒரு பல் தரையில் ஓடியது. பெண்சாதி குறுக்கே போகவில்லை.

"பத்துப் பேரைக் காப்பாத்தத்தானே செஞ்ச? அதைச் சரித்திரத்துல எழுத என்ன வலிக்குது உனக்கு?" என்றான் வெல்டர்.

பட்டாளத்தார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்துவிட்டது.

"கரையில யாரும் போகல," என்றார். "காத்துல ஒரு தகரம் ஆடிட்டு இருந்துச்சு. நான் பூட்ஸ் சத்தம்னு நெனச்சேன். விடிஞ்சப்புறம்தான் பார்த்தேன்."

அந்த ஏழு பேரை நாவலில் நடக்க விட்டவர் இவர்தான். மற்ற புத்தகங்களிலும் ராத்திரியில் சத்தம் கேட்டால் கட்டாயம் எதிரி வந்துவிடுவான். ஒரு இடத்தில்கூட வெறும் காற்று அடித்ததில்லை.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றார்.

"எழுத்து வேணாம். எழுதினா இன்னொரு ஏழு பேரைக் கூட்டிட்டு வருவ. நடந்து வா, அத்தைகிட்ட வாயால சொல்லு."

முகம் கழுவ விடவில்லை. பட்டப்பகலில், நாலு தெரு, சட்டையெல்லாம் ரத்தமாக நடந்தார். பெண்சாதி பத்தடி பின்னால் வந்தாள்.

அத்தை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோறு காய்ந்து கிடந்தது. அவர் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, தகரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு உடைந்த குரல். கிழவி கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?"

"மூணு. நாலாவது பாதியில..."

"எப்படிக் கூப்பிட்டான்? கூப்பிட்டுக் காட்டு."

இத்தனை சாவு எழுதியவருக்குச் சாகிறவன் பாகத்தைத் தான் எடுத்துப் பழக்கமில்லை. வெல்டரைப் பார்த்தார். அவன் கதவை மறித்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார். "அத்தை."

கிழவி அசையவில்லை.

இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். வாயில் ரத்தம் கொழகொழத்தது. மூன்றாவது தடவை குரல் உடைந்துபோய், இருபது வயதுப் பையன் குரல் மாதிரியே இருந்தது.

"என்னடா," என்றாள் அத்தை. "இங்கதான் இருக்கேன்."

பட்டாளத்தார் நாலாவது தடவைக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் காத்திருந்தாள். காதைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

பிறகு, "நீ எழுந்து போ," என்றாள்.