சந்தனம் வைத்த பில்டர்

2003ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து சுதாகரனின் வேனில் யார் பொய் சொன்னாலும் சத்தம் வெளியே வரவில்லை. பொய் நேராகப் போய் காஸ் பில்டரில் படிந்தது. பூஜையன்று, கழுவிக் காயவைத்திருந்த பில்டர் வலையையும் ஸ்பேனர், ஜாக்கியோடு மாரியம்மன் படத்தின் முன் அடுக்கி, ஒன்று விடாமல் சந்தனப் பொட்டு வைத்திருந்தான். யட்டியாந்தோட்டையில் அவன் வேனைப் பெட்ரோலிலிருந்து காஸுக்கு மாற்றிக்கொடுத்த மெக்கானிக் நிலாம் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்டீயரிங்குக்கு வைங்க, டயருக்கு வைங்க. பில்டர் என்னப்பா பாவம் பண்ணிச்சு?" சுதாகரன் துடைத்தெடுத்தான். வாசம் மட்டும் போகவில்லை.

வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று வேனில் சொல்லிப் பழகிப்பார்த்த தோட்டத் தொழிலாளி மூக்கையாவின் வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. தோட்டத்துப் பெண்கள் சம்பளத்தன்று புருஷன்மாரை முன் சீற்றில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழுவவேண்டிய பில்டரை ஞாயிறுதோறும் கழுவவேண்டியதாயிற்று. இறப்பர் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் போலக் கறுத்த பிசின் கட்டிகட்டியாக வரும்.

2005இல் ஒரு ஞாயிறு, பெண் பார்க்கப் போன கூட்டமொன்றை ரம்புக்கனைக்கு ஏற்றிப்போய்த் திரும்பியவன், பில்டரை மறந்து கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். மறுநாள் மத்தியானம் மனைவி துஷ்யந்திக்குப் பிரசவ வலி கண்டது. மாமியார் வெள்ளையம்மாவும் ஏறிக்கொள்ள, வேன் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. பாதி வழியில் எஞ்சின் விக்கியது.

"ஏங்க, பில்டரக் கழுவுனீங்களா?"

கழுவிட்டேன் என்று சுதாகரன் வாயசைத்தான். சத்தம் வரவில்லை. பில்டரில் மிச்சமிருந்த கடைசி இடத்தையும் அந்தப் பொய் அடைத்துக்கொள்ள, வேன் நின்றது.

"கழுவல அத்த," என்றான் மாமியாரைப் பார்த்து. இப்போது குரல் கணீரென்று வந்தது. "மேட்ச் பாத்துட்டேன்."

"புள்ள பொறக்கட்டும், காட்றேன் ஒங்களுக்கு மேட்ச்சு," என்றாள் துஷ்யந்தி, பல்லைக் கடித்தபடி.

இருவரையும் வேனிலிருந்து சற்றுத் தூரத்தில் இறப்பர் மர நிழலில் இருத்திவிட்டு, காஸ் டாங்கியின் வால்வை மூடினான். அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டே எஞ்சின் ஆறக் காத்திருந்தான். பிறகு பில்டரின் நட்டை மெல்ல மெல்லத் தளர்த்தினான். பைப்பில் தங்கியிருந்த காஸ் சீறியது. கூடவே பெண் பார்க்கப் போனவர்கள் வேனில் சொல்லிப் பழகிய பொய்களும் குரலோடு கிளம்பின. "மாப்பிள்ள தண்ணியே தொடமாட்டாரு." "எங்களுக்கு ஒண்ணுமே வேணாங்க." எல்லாம் இறப்பர் மரங்களுக்கு மேலாகப் பறந்துபோயின. கடைசியாக, மெலிந்த குரலில், "கழுவிட்டேன்" என்று ஒன்று போயிற்று.

"நம்ம மாப்பிள்ள கொரலு மாதிரி இருக்கே," என்றாள் வெள்ளையம்மா. வலிக்கு நடுவிலும் துஷ்யந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிள்ளையைச் சுற்ற வைத்திருந்த வேட்டித் துணியால் வலையைத் துடைத்து மாட்டி, வால்வைத் திறந்து, பிள்ளைக்கென்று வாங்கிய சோப்பை நுரைத்து, காஸ் கசிகிறதா என்று நட்டில் தடவிப் பார்த்தான். குமிழி வரவில்லை. எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சந்தன வாசத்தோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. சுதாகரன் அதன்பிறகு ஒரு ஞாயிறும் பில்டரைத் தவறவிடவில்லை. 2009இலும் வேன் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவேண்டிய வேலை இருந்தவர்கள் பஸ்ஸில் போனார்கள்.