செங்கல் சூளையில் பிறந்தவன்

என்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவள் மருத்துவச்சி வெரோன். ஹங்கேரியின் சமவெளியில் இருக்கிற எங்கள் சாரோஷ்கூத்தில் யூதர், கத்தோலிக்கர் என்று பாராமல் எல்லா வீட்டுப் பிரசவத்துக்கும் அவள்தான் வருவாள். சந்தையில் என்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வாள்:

"இந்த செரேன் பொண்ணு பொறந்தப்ப தலையைத் தடவித் தடவிப் பாத்தேன். கொம்பு ஒண்ணையும் காணோம். யூதக் குழந்தைக்குக் கொம்பு இருக்கும்கிறதெல்லாம் சும்மா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்பா ஆர்மின், சோடா வியாபாரி, யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "நல்ல மனசோடதான் சொல்றா" என்பார். அம்மா மட்டும் வீட்டுக்கு வந்ததும் முணுமுணுப்பாள்: "அப்ப தேடிப் பாத்திருக்கா, இல்ல?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் முதல் சட்டம் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அலுவலகங்களிலும் பத்திரிகைகளிலும் யூதர் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று அது சொன்னது. "நமக்கென்ன, நாம சோடாதானே விக்கிறோம்" என்றார் அப்பா. அடுத்த சட்டம் வந்து, எங்கள் வியாபார உரிமம் போயிற்று. எங்கள் வண்டிக்காரன் பிஷ்டா கோம்போஷ் பெயரில் புது உரிமம் வாங்கி, பழையபடி அப்பா பின்கட்டில் பாட்டில் நிரப்பினார். பிஷ்டா முதலில் "ஆர்மின் ஐயா" என்றான். அந்தக் குளிர்காலத்தில் "ஆர்மின்" ஆயிற்று. மறு கோடையில் ஒரு நாள் வாசலில் நின்று, "யோவ், நாளையிலேருந்து வர வேணாம்" என்றான். வாடிக்கையாளர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சோடா அதே சோடாதான்.

அண்ணன் டெஷோவைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். ஆனால் கையில் துப்பாக்கி தரவில்லை. மஞ்சள் கைப்பட்டையும் மண்வெட்டியும் தந்து உக்ரைனுக்கு அனுப்பினார்கள். நாற்பத்துமூன்று செப்டம்பரில் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்தான். காதில் பாதி உறைபனியில் போயிருந்தது. மறுபடி கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மனைவி ஃப்ளோரா கர்ப்பமானாள்.

பூடாபெஸ்டிலிருந்த அவள் சித்தி, உடனே கிளம்பி வரச்சொல்லி எழுதினாள். "வயித்துல புள்ளையோட இந்தக் குளிர்ல எப்படி ரயில் ஏறுவ? கொஞ்சம் வெயில் வரட்டும்" என்றாள் அம்மா. வெயில் வந்தது. அதோடு, யூதர் ரயிலேறக் கூடாது என்ற உத்தரவும் வந்தது.

நாற்பத்துநான்கு மார்ச்சில் நாட்டுக்குள் நுழைந்த ஜெர்மன்காரர்களில் இரண்டே பேரைத்தான் எங்கள் ஊரில் பார்த்தேன். முட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றதையெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களே செய்தார்கள். யார் யார் யூதர் என்று பட்டியல் எடுத்தவர் ஊர்க் கணக்கர். வீட்டுக்குள் வந்து தலையணை, பாத்திரம் எல்லாம் குறித்துக்கொண்டவர் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர். "நான் என்னம்மா செய்யட்டும், மேலேருந்து உத்தரவு" என்றபடி தலை நிமிராமல் எழுதினார். மே மாதம் எங்களை யூத ஜெபக்கூடத் தெருவுக்குள் அடைத்தார்கள். ஜூன் தொடக்கத்தில், சேவல் இறகு செருகிய தொப்பி போட்ட கிராமப் போலீஸ் வந்து, அங்கிருந்து ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்கு நடத்திக்கொண்டு போனது. வழியில் ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் குழந்தையை வைத்து எங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சூளையில் பச்சைச் செங்கல் காயவைக்கும் கொட்டகைகள்தான் இருந்தன. கூரை உண்டு, சுவர் கிடையாது. இரண்டாயிரம் பேர். ஒரே குழாய். மழை பெய்தால் நான்கு பக்கமும் சாரல். பெய்யாவிட்டால் செம்மண் தூசி. வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை வயல். பிஷ்டாவின் வண்டி அந்த வழியாக, எங்கள் பாட்டில்கள் குலுங்க, தினமும் போகும்.

நகை, பணம் புதைத்து வைத்த இடத்தைச் சொல்லச் சொல்லி அப்பாவின் உள்ளங்காலில் அடித்தார்கள். புதைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். மறுநாள், உடம்புக்குள் நகை ஒளித்திருக்கிறார்களா என்று பெண்களைச் சோதிக்கிற முறை.

கொட்டகைக் கோடியில் ஒரு படுதா கட்டியிருந்தது. உள்ளே போனேன். மேசையருகே, வெள்ளை ஏப்ரன் கட்டி, கையைக் கழுவிக்கொண்டு நின்றவள் வெரோன்.

"நீயா செரேன்" என்றாள். துணியில் கையைத் துடைத்துவிட்டு, "உடுப்பைக் கழட்டும்மா" என்றாள்.

நான் அசையவில்லை. "வெரோன் அக்கா, நீங்களா?"

"நான் இல்லன்னா வேற ஒரு முரட்டுப் பொம்பளயக் கூட்டிட்டு வருவாங்க. மருத்துவச்சிங்க எல்லாரும் வரணும்னு உத்தரவு. கூலியும் குடுக்கறாங்க, பொய் சொல்ல மாட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "வெளிய ஒருத்தன் நிக்கறான். சீக்கிரம் முடிச்சிரலாம். மூச்சை இழுத்து விடு."

பிரசவ வலியில் இருப்பவளிடம் பேசுகிற அதே குரல். எனக்கு இருபது வயது. எந்த ஆணும் தொட்டதில்லை. கூரையில் ஓட்டை வழியாகத் தெரிந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "ஒண்ணுமில்ல" என்று வெளியே நின்றவனுக்குக் குரல் கொடுத்தாள். அடுத்து என் அம்மா. அதற்கடுத்து ஃப்ளோரா.

ஃப்ளோராவின் வயிற்றில் கை வைத்ததும் வெரோன் வெளியே வந்து, போலீஸ் சார்ஜெண்டிடம் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோ. பத்து நாளாவது படுக்கணும். ரயில்ல ஏத்த முடியாது."

"டாக்டர் பாத்தாரே. எல்லாரும் போகலாம்னு கையெழுத்துப் போட்டாச்சு."

"அவர் வாசல்ல நின்னுட்டுப் போனாரு. தொட்டுக்கூடப் பாக்கல."

"அக்கா, காலையில வந்தப்ப ஒரு எண்ணிக்கை எழுதியிருக்கேன். அதுல ஒண்ணு குறையக் கூடாது." கொஞ்சம் சிரித்தான். "கூடினா பரவாயில்ல."

வெரோன் திரும்பி வந்து அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் மதியம் ஃப்ளோராவுக்கு வலி கண்டது. அம்மாவும் நானும் போர்வையைத் தூக்கிப் பிடித்து மறைத்தோம். யாரோ போய்ச் சொல்ல, வெரோன் கையை ஏப்ரனில் துடைத்தபடி ஓடிவந்தாள். இரண்டு மணி நேரம் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் பழைய வெரோன். திட்டினாள், கொஞ்சினாள், ஃப்ளோராவின் முதுகைத் தேய்த்தாள். சவரக் கத்தியால் கொடியை அறுத்து, தன் ஏப்ரன் நாடாவைக் கிழித்துக் கட்டினாள். ஆண் குழந்தை. செம்மண் தூசியில் முதல் மூச்சிலேயே தும்மினான்.

"அந்தோர்" என்றாள் ஃப்ளோரா. "டெஷோ சொன்ன பேரு. வெரோன் அக்கா, ஊர்ப் பதிவேட்டுல எழுதிருவீங்களா? அவர் வந்து தேடுவாரு."

"எழுதறேன் கண்ணு."

பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு படுதாவுக்குள் போனாள். வரிசையில் இன்னும் முப்பது பெண்கள் மிச்சமிருந்தார்கள்.

காலையில் எங்களை மாடு ஏற்றுகிற சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். எழுபத்தைந்து பேர், ஒரு வாளி தண்ணீர், கழிக்க ஒரு வாளி. வெளியிலிருந்து தாழ் விழுந்தது. மூன்று நாள். ஃப்ளோராவுக்குப் பால் வற்றியது. இறங்கிய இடத்தில், கோடு போட்ட கைதி உடையில் ஒருவர் என் தோளில் இடித்து, "தனியா நட, குழந்தையத் தொடாத" என்று முணுமுணுத்தார். எனக்குப் புரியவில்லை. அதற்குள் ஒரு அதிகாரி கையசைத்தான். அப்பா, அம்மா, ஃப்ளோரா, அந்தோர் ஒரு பக்கம். நான் மறு பக்கம். அன்று மாலைக்குள் அவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்பதை அங்கே வேலை செய்த பெண்கள் எனக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் நான் நம்பவில்லை.

நாற்பத்தைந்து இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டில் பிஷ்டா குடியிருந்தான். "நீயா? போனவங்களைவிடத் திரும்பி வர்றவங்க அதிகமா இருக்கீங்களே" என்றான். டெஷோ வரவில்லை. ஊர் அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஜூன் மாதப் பக்கங்களை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தோர் இல்லை. பிறந்த பதிவு இல்லாதவனுக்கு இறந்த பதிவும் போட முடியாது என்றார் குமாஸ்தா. மூன்று நாள் வாழ்ந்தானா, நான்கு நாளா என்பது பிரச்சினையே அல்ல. அவன் இருந்ததே இல்லை.

வெரோன் வீட்டுக்குப் போனேன். "வந்து ஒரு வாக்குமூலம் குடுங்க. அந்தோரை நீங்கதான் எடுத்தீங்க."

"எங்க எடுத்தேன்னு கேப்பாங்களே செரேன். அங்க எதுக்குப் போனேன்னு கேப்பாங்களே." கதவைச் சாத்தினாள்.

மறு வசந்தத்தில், வேறு சில பெண்கள் கொடுத்த புகாரில், போர்க்குற்றங்களை விசாரிக்கிற மக்கள் நீதிமன்றம் அவளைப் பிடித்தது. விசாரணை இலையுதிர் காலத்தில்தான் வந்தது. நானும் சாட்சி. கூண்டில் நின்றபடி வெரோன் தன் பங்குக்குச் சொன்னாள்: "ஐயா, நான் கெட்டவ இல்ல. அங்க ஒரு பிரசவம் பாத்தேன். ஆம்பளப் பிள்ளை. அந்தோர்னு பேரு வெச்சாங்க. செரேன்கிட்ட கேளுங்க."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

இல்லை என்று சொன்னால் அவளுக்குச் சிறை நிச்சயம். அதற்காகத்தான் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். தட்டச்சுக்காரர் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக் காத்திருந்தார்.

"உண்மை" என்றேன். "ஜூன் பன்னிரண்டு, மதியம். உயிரோடு பிறந்தான். தாயை ரயிலில் ஏற்ற முடியாது என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள்."

அவளுக்கு ஆறு மாதம் என்று தீர்ப்பு. விசாரணைக் காவலில் இருந்த நாட்களைக் கழித்து அன்றே விட்டுவிட்டார்கள். வெளியே படிக்கட்டில் அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. திரும்பி உள்ளே போய், அந்தோர் பிறந்தது பதிவான அந்தச் சாட்சியப் பக்கத்தின் நகலுக்கு மனு எழுதினேன்.