மைக்கில் நான் சொன்னது

எங்கள் குடும்பப் பெயர் காந்தில்யோ. ஆனால் எங்கள் ஊர் பர்ரான்கில்யாவில் எங்களை 'எல் சாபலோ வீட்டார்' என்றுதான் சொல்வார்கள். எல் சாபலோ எங்கள் பிக்கோ. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டி, முகப்பில் வாய் பிளந்த ஆற்றுமீன். அப்பா கட்டியது. நாற்பத்திரண்டு வருடமாக நான் காத்து வருகிறேன்.

காப்பது என்றால் பாட்டைக் காப்பது. வேறு எந்தப் பிக்கோவிடமும் இல்லாத பாட்டு நம்மிடம் இருக்க வேண்டும். அதை யார் பாடியது என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. அதனால் இசைத்தட்டு வாங்கியதும் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைக் கத்தியால் சுரண்டிவிடுவோம். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இப்போது பாட்டெல்லாம் லேப்டாப்பில். அதோடு கேபிளால் இணைந்த கன்ட்ரோலரில் என் மருமகன் தெய்மர் வாசிக்கிறான். என் கை மட்டும் மாறவில்லை.

எதிராளிப் பிக்கோவான லா செந்தேல்யாவோடு பாட்டில் மோத வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், தெய்மர் குளிக்கப் போயிருந்தபோது, கன்ட்ரோலரின் பின்பக்கக் கேபிள்களைப் பிடுங்கினேன். அங்கே அச்சிட்டிருந்த எழுத்துகளையெல்லாம் சுரண்டினேன். எதிராளியின் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்களே, எதை எங்கே செருகுகிறோம் என்று அவர்களுக்கு ஏன் தெரிய வேண்டும்? கேபிள்களை நானே திரும்பச் செருகினேன். தெய்மரிடம் சொல்லவில்லை. என் பிக்கோவைத் தொட நான் யாரிடம் கேட்க வேண்டும்?

மூன்று மணிக்குத் தெரு நிரம்பிவிட்டது. லா செந்தேல்யா அரை மணி நேரம் முழங்கி ஓய்ந்தது. எங்கள் முறை. தெய்மர் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. கால் மணி நேரத்துக்குள் பாட்டு வராவிட்டால் தோல்வி.

"என்ன பெருசு, மீனு செத்துப்போச்சா?" என்று ஒருவன் கத்தினான்.

"வறுத்துட்டாங்கடா! எலுமிச்சம்பழம் இருந்தா கொண்டா!"

தெய்மர் பதறவில்லை. லேப்டாப்புக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருந்த கேபிளை மாற்றினான். மென்பொருளை மூடித் திறந்தான். ஒலி லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்குப் போகிறதா, கன்ட்ரோலருக்கா என்று பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

"ஹெட்போன்ல நல்லாக் கேக்குது மாமா. வெளிய மட்டும் வரல. மைக்கைத் தட்டுங்க, அது நேரா ஆம்ப்ளிஃபயருக்குப் போகுது."

தட்டினேன். தெரு அதிர்ந்தது.

"அப்ப பெட்டியில குத்தமில்ல. கோளாறு இடையிலதான். காலைல யாராவது பின்னாடி கை வச்சீங்களா?"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து 'நான்தான்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கையில் மைக் இருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மைக்கில் சொன்னேன்:

"லா செந்தேல்யாக்காரன் என் மருமகனுக்குச் சித்தப்பா முறை. பாட்டு ஏன் வரலைன்னு நீங்களே புரிஞ்சுக்குங்க. வித்துட்டான்."

சிரிப்பு நின்றது. தெய்மரின் கை கன்ட்ரோலர் மீது அப்படியே இருந்தது.

லா செந்தேல்யாவில் வாசிக்கும் ரோசிரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க டொன் அர்னுல்ஃபோ. ஊமைப் பிக்கோவை ஜெயிச்சா எனக்கென்ன பேரு?" என்று என்னை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கம் குனிந்தாள். "எழுத்தையெல்லாம் எந்தப் புண்ணியவான் சுரண்டினது? பெரிய பெட்டிக்குப் போற கேபிள், வாசிக்கிறவர் காதுக்குன்னு வைக்கிற குட்டி ஸ்பீக்கர் துளையில இருக்கு. அதோட வால்யூம் பூஜ்யம். பின்ன எப்படிக் கேக்கும்?"

தெய்மர் என் நகங்களைப் பார்த்தான். அதில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"நான்தான்," என்றான். "அவசரத்துல மாத்திச் செருகிட்டேன்."

நான் மறுக்கவில்லை.

கேபிளை மாற்றினான், பாட்டு வந்தது. ஆறு மணிவரை வாசித்து, அந்தக் கூட்டத்தையே ஆட வைத்து, ஜெயித்தும் கொடுத்தான். பிறகு ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். என்னைத் தோளில் தூக்கினார்கள். நான் இறக்கிவிடச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து தெருவில் அவனுக்கு 'வித்தவன்' என்று பெயர். அவன் போகும் கடையில் அதைச் சொன்னார்கள், அவன் ஓட்டும் பேருந்தில் ஏறிச் சொன்னார்கள். வியாழக்கிழமை என் மகள் நுரிஸ், தெய்மரின் மனைவி, வந்தாள். உட்காரவில்லை.

"அவரு ஏன் பழியை ஏத்துக்கிட்டாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியும்மா. வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"வீட்டுக்குள்ள வந்து காதுல சொல்லவா? பழியை மைக்லதானே போட்டீங்க?"



அடுத்த ஞாயிறு பிக்கோவைத் தெருவில் நிறுத்தினேன். மூன்று தெரு தள்ளி இருக்கும் அவன் வீட்டுக்குக் கேட்கும்படி ஒலியை முழுக்கத் திருகினேன். மைக்கை எடுத்தேன். எழுத்தைச் சுரண்டியது நான், கேபிளை மாற்றிச் செருகியது நான், தெரிந்தும் பொய் சொன்னது நான் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சற்று நேரத்தில் நுரிஸ் தனியாக வந்தாள்.

"கேட்டுச்சுப்பா."

"அவன்?"

"சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. கையை நிறுத்திட்டுக் கேட்டாரு. அப்புறம் சாப்பிட்டாரு."

மேசையில் இருந்த ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தாள். எடுக்காமல் போய்விட்டாள்.

அன்று எல் சாபலோ பாடவில்லை. வாசிக்க ஆள் இல்லை. ஏன் என்று கூட்டம் கேட்கவில்லை. காரணத்தைத்தான் நானே அவர்களுக்குச் சொல்லிவிட்டேனே.