எடை குறைந்த ரொட்டி

1
இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறக்கவில்லை. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பேக்கரி நடத்துகிறார். கடைக்கு நூறு வயதாம். அதைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் கண்ணாடி போட்டு மாட்டுவார்.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க, மாப்பிள்ளை" என்றார். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வராது.

2
"ஊரின் பசி தீர்த்த அந்த உத்தமர்..."

[அடித்துவிட்டேன். உத்தமருக்கு ஆதாரம் வேண்டும்.]

ஆவணக் காப்பகத்தில் நான்கு நாள் தூசி தின்றேன். நல்லவர்களைக் காகிதம் கண்டுகொள்வதில்லை. பிறந்தார், இறந்தார், அவ்வளவுதான். நம்மவரோ பக்கம் பக்கமாக இருந்தார். அத்தனையும் எடைக் குறைவு வழக்கு. மூன்று முறை கையும் களவுமாகப் பிடிபட்டு, மூன்றாவதில் ஆறு மாதம் சிறை. மூன்று புகாரும் ஒரே பள்ளி ஆசிரியர் கொடுத்தவை.

3
விஷயத்தைச் சொன்னதும் மாவு பிசைந்த மச்சானின் கை நின்றது.

"எவ்வளவு குறைஞ்சுதாம்?"

"ரொட்டிக்கு நாற்பது கிராம் வரும்."

"அவ்வளவுதானா?" முகத்தில் அப்படியொரு நிம்மதி.

[தாய் எட்டடி பாய்ந்தால்... வேண்டாம். ஆறு வருடமாக அந்தக் கடை ரொட்டியை ஓசியில் தின்கிறேன்.]

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை எழுதிடாதீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து கடையைப் பொண்ணுதான் பாத்துக்கப் போறா. நம்மளப் பத்தி என்ன நினைப்பா?"

4
காப்பகத்துக்கு மறுபடி போனதில், கோப்புக் கட்டின் அடியில் ஒரு மனு கிடைத்தது. அவர் சிறைக்குப் போன இரண்டாம் வாரம் ஊரே எழுதியது: "குறைந்த ரொட்டியாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை. தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்."

முதல் கையெழுத்து அந்த ஆசிரியருடையது! சிரித்துவிட்டேன்.

அதற்கு மேல் பூச்சி அரித்துவிட்டது. ஆகவே கைவசம் இரண்டு முடிவுகள். ஒன்று, அவர் திருந்தினார். மற்றொன்று, மனு தந்த தைரியத்தில் இன்னும் பத்து கிராம் குறைத்தார். மச்சானுக்கு முதலாவது போதும்.

5
நான் மனுவையும் சேர்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுபோனேன். மச்சான் கை நீட்டுமுன் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். அன்று சுட்டதில் ஒரு ரொட்டியை எடுத்துத் தராசில் வைத்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள்.

தராசு என்ன காட்டியது என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் ஊரிலும் ரொட்டிக்கடை இருக்கும். ஒன்று வாங்கி நிறுத்துப் பாருங்கள். புகார் எழுதுவதா மனு எழுதுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.